சிபியு பவர் கேபிளை முதலிலேயே இழுத்து விடுங்கள்

கம்ப்யூட்டரை நீங்களே அசெம்பிள் செய்கிறீர்களா? மதர்போர்டை கேபினெட்டில் ஸ்குரூ போட்டு முடுக்கும் முன்பே, பவர் சப்ளையிலிருந்து சிபியுவுக்கு (பிராசஸர் சிப்புக்கு) வரும் 8 பின் பவர் கேபிளை இடது மேல் மூலை ஓட்டை வழியாக இழுத்து வெளியே விட்டுவிடுங்கள். போர்டு உட்கார்ந்துவிட்டால் அந்த ஓட்டை பாதி மறைந்துவிடும். பக்கத்தில் கூலரும் ஃபேனும் இருந்தால் விரல்கூட நுழையாது. கேபிளை வலுக்கட்டாயமாகத் திணித்தால் போர்டு வளையும்.

இழுக்கும்போது முனையைப் பாருங்கள். 4+4 ஆக, அதாவது நான்கு நான்கு பின்னாகப் பிரிவதுதான் சிபியுவுக்கு. 6+2 கிராபிக்ஸ் கார்டுக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சரியான முனை என்றால் கிளிப் 'க்ளிக்' என்று மாட்டும், அழுத்தித் திணிக்க வேண்டாம்.

பவர் சப்ளை மேலே இருக்கும் பழைய கேபினெட்டில் இது தேவைப்படாது; அதில் கேபிள் நேராகவே வந்துவிடும்.