பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கம் ‘மல்டிகிரெய்ன்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாமல் திருப்பிப் பாருங்கள், எது எடையில் அதிகமோ அதுதான் சேர்பொருள் பட்டியலில் முதலில் இருக்கும். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று ஆரம்பித்தால் அங்கேயே வைத்துவிடலாம். மால்டோடெக்ஸ்ட்ரின், எமல்சிஃபையர் என்று நம் அடுக்களையில் இல்லாத பெயர்கள் வந்தாலும் அப்படித்தான். 2019-இல் அமெரிக்காவில் 20 பேரிடம் செய்த சோதனையில், பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு அளவைச் சமமாக வைத்தும், இப்படி ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரமும், அதிகம் பதப்படுத்தாத உணவு கிடைத்த இரண்டு வாரத்தைவிடத் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறினார்கள். சரி, மாலைப் பசிக்கு? சுண்டல்தான் (கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைக்க மறந்துவிட்டால் பொட்டுக்கடலை இருக்கவே இருக்கிறது). அப்புறம், பழச்சுவைத் தயிருக்குப் பதில் வெறும் தயிரில் வாழைப்பழத்தை நறுக்கிப் போடுங்கள்.