லண்டன் பழைய பப்பில் நாம் சொதப்பும் இடங்கள்

முதல் தடவை லண்டனில் ஒரு பழைய பப்புக்குப் போனபோது, நல்ல மூலை மேஜையாகப் பார்த்து உட்கார்ந்து, யாராவது மெனுவோடு வருவார்கள் என்று 20 நிமிடம் காத்திருந்தேன். ஈ காக்கை வரவில்லை. 'என்ன சர்வீஸ் இது' என்று மனதுக்குள்ளேயே ஒற்றை ஸ்டார் விமர்சனம் எழுதி முடித்துவிட்டேன். அப்புறம்தான் பக்கத்து மேஜைப் பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கவுண்டர் பக்கம் தலையாட்டிக் காட்டினார்.

இந்த பப்புகளைப் பற்றி வரும் புகார்கள் பலவும் இதே ரகம்தான். ஓட்டல் என்று நினைத்துப் போகிறோம், அது ஓட்டல் இல்லை. எழுந்து போய்க் கவுண்டரில் கேட்க வேண்டும், அங்கேயே அப்போதே காசு கொடுக்க வேண்டும், கிளாஸை நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். சாப்பாடு என்றால் மேஜை எண்ணைச் சொன்னால் போதும், கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் எழும்போதே எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்ப ஒரு நடை.

கவுண்டரில் வரிசை தெரியாது, ஆனால் வரிசை உண்டு. யார் முதலில் வந்தார் என்று எல்லோருக்கும் மனக்கணக்கு இருக்கும், ஊழியருக்கும் இருக்கும். உங்களுக்கு முன்னால் வந்தவர் நிற்கும்போது உங்களைக் கேட்டால், 'அவர்தான் முதலில்' என்று கை காட்டிவிடுங்கள், அந்த ஒரு சைகைக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. விரலைச் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது, 'எக்ஸ்கியூஸ் மீ' என்று கத்துவது மூன்றும் வேண்டாம். கடைசி ஆளாகத்தான் கவனிக்கப்படுவீர்கள். கவுண்டரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் வழக்கம் கிடையாது. மனசு கேட்கவில்லை என்றால் 'உங்களுக்கும் ஒரு பானம் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஊழியரிடம் சொல்லலாம், அது அங்கே பழைய பழக்கம்.

நண்பர்களோடு போனால் ரவுண்ட் முறை. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த தடவை அடுத்தவர். நாலு பேர் வாங்கியதைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும் நேரத்தில் 'டிரெயினுக்கு நேரமாச்சு' என்று கிளம்புகிற ஆளை அந்தக் கூட்டம் வருடக்கணக்கில் மறக்காது.

அடுத்த பெரிய புகார், 'பியர் சூடாக இருக்கிறது'. அதில் நியாயம் கொஞ்சம்தான். நீளக் கைப்பிடியை இழுத்து ஊற்றுகிறார்களே, அது காஸ்க் ஏல் என்ற பியர் வகை. நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே கடைசிக் கட்டம் நொதித்து வருவது, வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. அதைக் கொடுப்பதே 11 முதல் 13 டிகிரியில்தான், ஐஸ் மாதிரி குளிர்ந்தால் சுவையே எழாது. சில்லென்று வேண்டுமென்றால் லாகர் வகை பியர் கேளுங்கள். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். முழு பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட்டும் உண்டு, அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் வினிகர் மாதிரிப் புளித்திருந்தால் அது உண்மையான குறை, உடனே எடுத்துப் போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸ் காலியான பிறகு போய்ச் சொன்னால் எந்த ஊரிலும் எடுபடாது.

ஃப்ளீட் ஸ்ட்ரீட்டின் 'யே ஓல்ட் செஷயர் சீஸ்' எல்லோரும் தேடிப்போகிற இடம். லண்டனின் 1666 பெருந்தீயில் எரிந்து மறு வருடமே திரும்பக் கட்டியது. வாசல் வைன் ஆஃபீஸ் கோர்ட் என்ற குறுகலான சந்துக்குள் இருக்கிறது, பெரிய தெருவிலேயே தேடினால் தாண்டிப் போய்விடுவீர்கள். உள்ளே இருட்டு, தலை இடிக்கும் கூரை, நிலவறைக்குச் செங்குத்தான குறுகிய படிகள். 'வெளிச்சம் போதவில்லை' என்று இதற்குப் போய்க் குறை சொல்கிறவர்களை என்ன சொல்ல? முட்டி வலிக்காரர்களைக் கூட்டிப்போனால் மட்டும் தரைத்தளத்திலேயே இடம் பிடியுங்கள். இந்த பப் சாமுவேல் ஸ்மித் என்ற மதுவடிசாலையுடையது, தங்கள் சரக்கைத்தான் விற்பார்கள், கின்னஸ் மாதிரி வேறு கம்பெனி பியர் கேட்டு ஏமாற வேண்டாம். அந்த நிறுவனம் 2019-ல் தன் பப்புகளுக்குள் போன், லேப்டாப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது, எனவே வீடியோ எடுக்கும் முன் ஊழியரைக் கேட்டுவிடுங்கள். ஆங்கில அகராதி தொகுத்த 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் டாக்டர் ஜான்சன் உட்கார்ந்த நாற்காலி என்று யாராவது காட்டினால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். அவர் வீடு பக்கத்தில் கோஃப் ஸ்கொயரில் இருந்தது நிஜம், இங்கே வந்து குடித்ததற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது.

சைவக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஞாயிறு ரோஸ்ட் என்ற இறைச்சிச் சாப்பாட்டோடு வரும் யார்க்ஷயர் புட்டிங் (மாவு, முட்டை, பால் கலந்து சுடுவது) பார்க்க அப்பாவியாக இருக்கும், மாட்டுக் கொழுப்பில் சுட்டிருக்கலாம், மேலே ஊற்றும் கிரேவியும் பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். சிப்ஸ் (நம் ஊர் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் மாதிரி) எந்த எண்ணெயில் பொரித்தது என்றும் கேளுங்கள். குடிக்காதவர் என்றால் லைம் அண்ட் சோடா சொல்லிவிட்டு உட்காருங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நேரம்தான் பலரைக் கவிழ்ப்பது. லண்டன் 'சிட்டி' பகுதி அலுவலக ஊர், அங்கே பல பப்புகள் சனி, ஞாயிறு மூடிக் கிடக்கும். வியாழன், வெள்ளி மாலையோ கூட்டம் நடைபாதை வரை நின்று குடிக்கும். எனக்குத் தோதானது வார நாளில் பிற்பகல் 3 மணி. லண்டன் பிரிட்ஜ் பக்கத்து 'ஜார்ஜ் இன்'னில் அந்த நேரம் முற்றத்தில் உட்கார்ந்தால், 1677-ல் கட்டிய மரத் தாழ்வாரங்களை முழுதாகப் பார்க்கலாம். முன்பு குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம் அது. மற்ற பக்கங்களை ரயில்வேக்காரர்கள் 1889-ல் இடித்துவிட்டார்கள், மிஞ்சியது ஒரு பக்கம்தான், இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது.

பானம் தரும் கவுண்டருக்கு முன்பே சமையலறை மூடிவிடும், ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் பாக்கெட்டில் வரும் மொறுமொறு உருளை வறுவல்தான். இளமுகம் என்றால் பாஸ்போர்ட்டும் எடுத்துப் போங்கள், சட்டப்படி 18 வயது போதும் என்றாலும் 25-க்குக் கீழ் தெரிந்தாலே கேட்கிற இடங்கள் நிறைய. மணி அடித்தால் கடைசி ஆர்டர் என்று அர்த்தம், அப்போது கவுண்டருக்குப் போகலாம். இரண்டாவது தடவை அடித்துவிட்டால் போய் நிற்காதீர்கள், கிளாஸில் இருப்பதைக் குடித்து முடிக்க மட்டும்தான் நேரம்.