டெல் பவர்எட்ஜ் சர்வரில் சிஸ்டம் செட்டப்: உள்ளே போவது எப்படி, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

சிஸ்டம் செட்டப் என்பது, ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறும் முன் சர்வரின் அடிப்படை அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உள்ள மெனு. இங்கே எடுத்துக்கொள்வது டெல் பவர்எட்ஜ் ஆர்740. இதற்கு முன்னும் பின்னும் வந்த தலைமுறைகளிலும் மெனு ஏறக்குறைய இதேதான். வேறு கம்பெனி சர்வர் என்றால் நுழையும் கீ மட்டும் மாறும்: ஹெச்பிஇ புரோலயன்ட்டில் எஃப்9, லெனோவா திங்க்சிஸ்டத்தில் எஃப்1, சூப்பர்மைக்ரோவில் டெலீட்.

தொடங்கும் முன்

வி.ஜி.ஏ. கேபிளுடன் ஒரு மானிட்டர், ஒயர் வைத்த யு.எஸ்.பி. கீபோர்டு, போட்டோ எடுக்க ஒரு போன். ஒயர்லெஸ் கீபோர்டு வேண்டாம். சர்வர் எழும் முதல் நிமிடங்களில் அது கண்டுகொள்ளப்படாமல் போகலாம். சர்வர் ஏற்கெனவே வேலையில் இருந்தால், பயன்படுத்துபவர்களிடம் நேரம் கேட்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாக முறையாக ஷட்டவுன் செய்யுங்கள்.

படி 1: எஃப்2

பவர் கேபிளைச் செருகியதும் ஓரிரு நிமிடம் பொறுங்கள். ஐடிராக் என்ற சின்ன நிர்வாகக் கணினி உள்ளே தனியாக இருக்கிறது, அது முதலில் எழ வேண்டும். பிறகு பவர் பட்டன். மின்விசிறிகள் முழு வேகத்தில் இரைந்துவிட்டு அடங்கும். திரை கறுப்பாகவே இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: சர்வர் செத்துவிட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஆர்740-இல் ரேமுக்கு 24 இடங்கள் உண்டு. எவ்வளவு ரேம் போட்டிருக்கிறதோ அவ்வளவுக்குச் சோதனையும் நீளும். சில நிமிடங்கள் ஆவது சாதாரணம்.

டெல் லோகோவும் கீ பட்டியலும் வந்ததும் எஃப்2 அழுத்துங்கள். ‘என்டரிங் சிஸ்டம் செட்டப்’ என்று வந்துவிட்டால் போதும், கையை எடுத்துவிடலாம். பக்கத்துக் கீயில் விரல் பட்டால் வேறு இடத்துக்குப் போய்விடும்: எஃப்10 லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர், எஃப்11 பூட் மேனேஜர், எஃப்12 நெட்வொர்க் பூட். நேரம் தவறி விண்டோஸோ லினக்ஸோ ஏறத் தொடங்கினால் பவரை நிறுத்தாதீர்கள். முழுதாக ஏறவிட்டு, உள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து மறுபடி முயலுங்கள்.

படி 2: மூன்று கதவுகள்

முதல் பக்கத்தில் சிஸ்டம் பயாஸ் (சர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருளின் அமைப்புகள்), ஐடிராக் செட்டிங்ஸ், டிவைஸ் செட்டிங்ஸ் என மூன்று இருக்கும். மூன்றாவதில் ரெய்டு கன்ட்ரோலர், அதாவது பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கார்டு, இருக்கிறது. அங்கே ‘கிளியர் கான்ஃபிகரேஷன்’ கொடுத்து உறுதிசெய்தால் வட்டுகளின் ரெய்டு அமைப்பே போய்விடும், அதோடு தரவும். பேக்கப் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எந்தப் பக்கத்தை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் ஒரு போட்டோ. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்.

படி 3: உண்மையில் மாற்ற வேண்டியவை

சிஸ்டம் பயாஸுக்குள் பத்துக்கு மேல் தலைப்புகள் வரிசையாக நிற்கும். முக்கால்வாசியைத் தொடவே தேவையில்லை.

*பூட் செட்டிங்ஸ்:* பூட் மோடு, அதாவது ஓ.எஸ்.ஸை ஏற்றும் முறை, இரண்டு: பழைய பயாஸ், புதிய யு.இ.எஃப்.ஐ. புதிதாக ஓ.எஸ். போடுகிறீர்கள் என்றால் யு.இ.எஃப்.ஐ.; 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டிலிருந்து பூட் செய்ய அதுதான் வழி. ஓ.எஸ். ஏற்கெனவே இருந்தால் இதை மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு மோடில் நிறுவியது மற்றதில் எழாது, பூட் சாதனம் இல்லை என்று செய்தி வரும். தரவு போய்விடவில்லை, பதறாமல் பழைய மோடுக்குத் திருப்பினால் எழும்.

*பிராசஸர் செட்டிங்ஸ்:* ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர், ஹைப்பர்-வி போடுவதென்றால் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ எனேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

*சிஸ்டம் செக்யூரிட்டி:* இங்கே ‘ஏசி பவர் ரிகவரி’ என்று ஒன்று இருக்கிறது. கரன்ட் போய் வரும் இடங்களில் இதைவிட முக்கியமான அமைப்பு வேறில்லை. ‘லாஸ்ட்’ என்றால் கரன்ட் போகும் முன் இருந்த நிலைக்கே திரும்பும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யு.பி.எஸ். பேட்டரி தீரும் முன் சர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்திருந்தால், கடைசி நிலை ‘ஆஃப்’. கரன்ட் வந்தாலும் சர்வர் எழாது. தானாக எழ வேண்டுமானால் ‘ஆன்’ வையுங்கள். ஒரே ரேக்கில் பல சர்வர்கள் இருந்தால், பக்கத்திலுள்ள ‘டிலே’யை ‘ரேண்டம்’ ஆக்குங்கள். எல்லாம் ஒரே நொடியில் எழுந்து மின்சுமையை ஏற்றாது.

அதே பக்கத்தில் இரண்டு பாஸ்வேர்டுகள். ‘செட்டப் பாஸ்வேர்டு’ அமைப்புகளை மாற்றவிடாமல் காக்கும், அது நல்லது. ‘சிஸ்டம் பாஸ்வேர்டு’ ஒவ்வொரு தடவை எழும்போதும் கேட்கும். ராத்திரி ரீஸ்டார்ட் ஆனால் யாராவது போய்த் தட்டச்சு செய்யும்வரை சர்வர் அப்படியே நிற்கும். பூட்டிய சர்வர் அறைக்கு அது வேண்டாம்.

தேதி, நேரம் ‘மிசலேனியஸ் செட்டிங்ஸ்’-இல். மின் இணைப்பைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போனால் மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 4: ஐடிராக்

இதைச் செய்துவிட்டால் அடுத்த முறை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஐடிராக் செட்டிங்ஸ், நெட்வொர்க் போய், ‘என்ஐசி செலக்‌ஷன்’ டெடிகேட்டட் ஆகவும், ஐபிவி4-இல் உங்கள் நெட்வொர்க்குக்குரிய நிலையான முகவரியும் கொடுங்கள். பின்பக்கம் ஐடிராக்குக்கென்றே உள்ள தனி போர்ட்டில் கேபிளை மாட்டுங்கள். சாதாரண லேன் போர்ட்டில் மாட்டிவிட்டு ஏன் திறக்கவில்லை என்று தேடுவது அடிக்கடி நடப்பது.

யூசர் பெயர் ‘ரூட்’. பாஸ்வேர்டு, முன்பக்கம் இழுத்தால் வரும் தகவல் அட்டையில் இருக்கும். பழைய தலைமுறைகளிலும், அப்படிக் கேட்டு வாங்கியவற்றிலும் ‘கால்வின்’. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது, முதல் வேலையாக மாற்றுங்கள். உலாவியில் திரையையே பார்க்கும் விர்ச்சுவல் கன்சோலுக்கு ரேக் சர்வர்களில் என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும்.

படி 5: சேமிப்பு

எஸ்கேப் அழுத்தினால் சேமிக்கவா என்று கேட்கும், ‘யெஸ்’. வெளியேறியதும் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி அதே கறுப்புத் திரைக் காத்திருப்பு.

செட்டப் பாஸ்வேர்டு மறந்துபோனால் ஊகித்துத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிஸ்டம் நின்றுவிடும். பவரைத் துண்டித்து, மூடியைத் திறந்து, மதர்போர்டில் பாஸ்வேர்டுக்கான ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பி) இடம் மாற்ற வேண்டும். எந்தப் பின்கள் என்பது மூடியின் உட்புறப் படத்தில் இருக்கும். அருகிலேயே என்விரேம் ஜம்பரும் இருக்கிறது. அதை மாற்றினால் செய்து வைத்த பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழியும், மாற்றி எடுத்துவிடாதீர்கள்.