வடசென்னையில் மின்சார பைக்: முதலில் பிளக்கைப் பாருங்கள்

மின்சார பைக் வாங்கப்போகிறவர் முதலில் கேட்பது, பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதுதான். கேட்கட்டும். ஆனால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ குடியிருப்பவர் அதற்கு முன்பே யோசிக்க வேண்டியவை சில உண்டு. வண்டியை எந்தப் பிளக்கில் மாட்டப்போகிறோம்? மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும்? கடல் எத்தனை தெரு தள்ளி இருக்கிறது? பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் செல்களைப் பற்றித் தயாரித்த நிறுவனம் கவலைப்பட்டிருக்கிறது; உத்தரவாதமும் எழுதித் தருகிறது. பெட்டிக்கு வெளியே இருக்கிற வயர், வயர்களை இணைக்கும் கப்ளர், சாக்கெட், எர்த் ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை. என் கணிப்பில் நம் பக்கத்து வண்டிகள் படுத்துக்கொள்வதும் அங்கேதான் அதிகம்.

"இன்ஜின் இல்லை, ஆயில் மாற்ற வேண்டாம், பராமரிப்பே கிடையாது" என்று விற்பனையாளர் சொல்வதில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பியவர்கள் செய்யும் தவறுகளே இங்கே பேசப்போவதில் பாதி.

பழைய சாக்கெட்டில் புதிய வண்டி

பழைய வண்ணாரப்பேட்டையில், தண்டையார்பேட்டையில் பல வீடுகளின் வயரிங் இரண்டு மின்விசிறிக்கும் மூன்று விளக்குக்குமாகப் போடப்பட்டது. குளிர்பதனப் பெட்டியும் மிக்ஸியும் பிறகு ஏறிக்கொண்டன. இப்போது அதே வயரில் பைக்கும் ஏறுகிறது. "இஸ்திரிப் பெட்டியே இந்தப் பிளக்கில் ஓடுகிறதே, சார்ஜர் ஓடாதா?" என்பார்கள். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே அணைந்து, ஆறியதும் மீண்டும் எரியும். அரை மணி நேரத்தில் வேலையும் முடிந்துவிடும். சார்ஜர் அப்படியில்லை. 750 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதை நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்து, கடற்காற்றில் பச்சை பூத்து, அங்கே ஒரு ஓம் தடை உருவாகியிருந்தால் போதும். 4 ஆம்பியர் போகும்போது அந்தச் சிறு புள்ளியில் மட்டும் 16 வாட் வெப்பம் உட்காரும். பிளாஸ்டிக் பழுப்பாவதும் கருகல் வாடை வருவதும் இதனால்தான்.

ஆகவே வண்டிக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட், சுமை மீறினால் துண்டிக்கும் அதற்கேற்ற எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. வேகச் சார்ஜர் வைக்கப்போவதாக இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரோ இன்னும் மோசம். சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. எர்த் இருக்கிறது என்று வாய்வார்த்தையாக நம்பாதீர்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி சில ஆண்டுகளில் அரித்துப்போகும். சுவரில் மூன்றாவது துளை மட்டும் அப்படியே இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்கத் தோன்றும் சூடு இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்திச் சார்ஜ் போடுகிறோம் என்பதும் முக்கியம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் அவர் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்து வந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ் 156 கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது எந்தக் கட்டத்துக்கு முன்பு தயாரானது என்று பார்ப்பது நல்லது. எந்த ஆண்டு வண்டியானாலும், வீட்டுக்கு ஒரே வாசல் இருந்து, அந்த வாசலை அடைத்து வண்டி நின்று இரவெல்லாம் சார்ஜ் ஏறுவது கூடாது. குறுகிய சந்து வீடுகளில் இதுதான் வழக்கமாக இருக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருப்பவர்களுக்குக் கழற்றும் பேட்டரிதான் வழி. 3 யூனிட் கொள்ளும் பேட்டரி ஏறத்தாழ இருபது கிலோ கனக்கும். மேலே கொண்டுபோனால் கட்டிலுக்கு அடியிலோ சமையல் எரிவாயு உருளைக்குப் பக்கத்திலோ வைக்காமல், வெறுந்தரையில், வெளியேறும் வழியை விட்டுத் தள்ளி வையுங்கள். புகை வந்தால் அணைக்க முயலாமல் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101-ஐ அழையுங்கள். லித்தியம் செல் தீ அணைந்ததுபோல் தெரிந்து மீண்டும் பற்றும்.

மின்கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினால் ஏறத்தாழ ஒரு யூனிட் போகும். இரண்டு மாதத்துக்கு 60. வீட்டின் கணக்கு 450-இல் நின்றுகொண்டிருந்தால் அது 500-ஐத் தாண்டும், தாண்டினால் கட்டண விகிதமே மாறும். வாடகை வீட்டில் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் உரிமையாளரிடம் வண்டி வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். வாங்கிய பிறகு பேசினால் வேறு விலை.

வந்ததும் மாட்டுவது

மே மாதத்தில் மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்த பேட்டரி கொதித்துப்போய் இருக்கும். அந்தச் சூட்டிலேயே சார்ஜ் போட்டால் செல்களின் ஆயுள் குறையும். சாப்பிட்டு, குளித்து, முக்கால் மணி நேரம் கழித்து மாட்டுங்கள். நிழலில் நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் சுற்ற வேண்டியிருந்தாலும் சுற்றலாம்.

எந்த அளவுக்குச் சார்ஜ் ஏற்றுவது என்பதில் ஆளுக்கொரு உபதேசம் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே செல்லைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். நிக்கல் கலந்த என்எம்சி வகையை நாள்தோறும் 80, 90 விழுக்காட்டோடு நிறுத்தினால் நல்லது. இரும்பு பாஸ்பேட் வகையான எல்எஃப்பியை அவ்வப்போது முழுதும் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) போடும் கணக்கு பிசகி, 20 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுவிடும். உங்கள் வண்டியில் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். ஊருக்குப் போவதாக இருந்தால் பாதிச் சார்ஜில் விட்டுச் செல்லுங்கள். பூஜ்யத்தில் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் பேட்டரி எழுந்திருக்காமலே போகலாம்.

இன்னொன்று. பல வண்டிகளில் விளக்கு, ஹாரன், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரை எழுப்புவது ஆகிய வேலைக்கெல்லாம் சிறிய 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. அது வடிந்துபோனால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி உயிர் பெறாது. "பேட்டரி போய்விட்டது" என்று கேட்டதும் பதறிப் பெரிய செலவுக்கு மனத்தைத் தயார்செய்யும் முன், எந்த பேட்டரி என்று கேளுங்கள்.

தண்ணீரில் இறங்குவது

ஐபி 67 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பொருள்: நல்ல தண்ணீரில், ஒரு மீட்டர் ஆழத்தில், அரை மணி நேரம் வைத்துச் சோதித்தபோது உள்ளே கேடு விளைவிக்கும் அளவுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. சோதித்தது புதிய ரப்பர் வளையங்களோடு. நான்கு கோடை கண்ட வளையம், சாக்கடை கலந்த வெள்ளம், எதிரே வரும் லாரி கிளப்பும் அலை ஆகிய எதுவும் அந்தச் சோதனையில் இல்லை. பேட்டரிக்கு அந்தத் தரம் இருந்தாலும் ஹாண்டில் சுவிட்சுக்கும் சார்ஜிங் துவாரத்துக்கும் அதே தரம் இருக்கும் என்பதும் கட்டாயமில்லை.

நின்ற இடத்திலேயே வண்டி மூழ்கிவிட்டது என்றால், தண்ணீர் வடிந்ததும் பலர் செய்வது சாவியைத் திருப்பிப் பார்ப்பது. அடுத்தது சார்ஜ் போட்டுப் பார்ப்பது. இரண்டும் கூடாது. ஈரம் புகுந்த கன்ட்ரோலரில் மின்சாரம் பாயும்போதுதான் அது கருகுகிறது. "வெள்ளத்தில் கெட்டது வேறு, நீங்கள் இயக்கியதால் கெட்டது வேறு" என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் அதுவே காரணமாகும். வண்டியில் எம்சிபி இருந்தால் அதை இறக்கிவிட்டு, படம் எடுத்துவைத்து, தள்ளிக்கொண்டோ வேறு வண்டியில் ஏற்றியோ சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள். அதுவரை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். உப்புத் தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். 2022-இல் இயான் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மின்சாரக் கார்கள் அப்படி எரிந்தன. கழிமுகத்தை ஒட்டிய எண்ணூருக்கும் எர்ணாவூருக்கும் இது தொலைதூரச் செய்தியாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவே கலந்து அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி எண்ணெய் பட்ட பிரேக் பேடைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வெள்ளச் சேதம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் வராது. பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் தங்கள் தெருவை ஒருமுறை ஐப்பசியில் நினைத்துப் பார்க்கட்டும்.

உப்பும் சாம்பலும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் போல்ட் தலைகள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். கப்ளருக்குள் இருக்கும் மெல்லிய பின்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. அனல்மின் நிலையப் பக்கம் என்றால் நிலக்கரித் தூசியும் சாம்பலும் கூடச் சேரும். ஈரம் பட்டதும் அந்தப் படிவு இரண்டு பின்களுக்கு நடுவே மின்சாரம் கசியப் பாலம் போட்டுவிடும். காலையில் எழாத வண்டி மதிய வெயிலில் தானாகச் சரியாகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதற்கு மருந்தாக வாட்டர் சர்வீஸ் கொடுப்பதுதான் பெரும் தவறு. அழுத்தத் துப்பாக்கி நீர் உப்பைக் கழுவும். கூடவே கப்ளருக்குள்ளும் சக்கர பேரிங்குக்குள்ளும் தண்ணீரைத் திணிக்கும். வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரும் துணியும் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்பாக, எட்டும் இடத்துக் கப்ளர்களைத் திறந்து சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். அதிக மின்சாரம் பாயும் தடித்த ஆரஞ்சு வயர்களை மட்டும் தெருமுனைக் கடையில் தொடவிடாதீர்கள்.

பிரேக் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. முறுக்கியை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைவு. பேட் தேயவில்லை என்று மகிழ்ச்சியாக இருப்போம். அதற்குள் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஊசிகள் உப்பில் இறுகிப்போயிருக்கும். அவசரத்துக்கு அழுத்தும்போது தெரியும். பேட்டரி முழுதும் நிறைந்திருக்கையில் மோட்டாருக்கு எடுத்துக்கொள்ள இடமில்லாமல் அந்த இழுப்பும் குறையும். காலையில் புறப்பட்டதும் மேம்பாலம் இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நாள்தோறும் சில முறையாவது பிரேக்கை நன்றாக அழுத்தி நிறுத்துங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயர் காற்றும் செயினும் பெட்ரோல் வண்டியில் எப்படியோ அப்படியே.

48 வோல்ட் என்று கேட்டு வாங்குவது

சார்ஜர் கெட்டால் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் "48 வோல்ட் சார்ஜர்" என்று கேட்கிறார்கள். 13 செல் வரிசை என்எம்சி பேட்டரியும் 48 வோல்ட் என்றே விற்கப்படுகிறது. அது நிறையும் இடம் 54.6 வோல்ட். 16 செல் வரிசை எல்எஃப்பியையும் பலர் 48 என்றுதான் சொல்கிறார்கள். அது நிறைவது 58.4-இல். இரண்டாவதன் சார்ஜரை முதலாவதில் மாட்டினால் தடுப்பதற்கு பிஎம்எஸ் ஒன்றுதான் இருக்கிறது. அந்த பிஎம்எஸ்ஸையும் "அடிக்கடி கட் ஆகிறது" என்று யாரோ நேரடி வயர் போட்டுத் தாண்டிவிட்டிருந்தால் தடுக்க ஒன்றுமே இல்லை. பிஎம்எஸ் அடிக்கடி கட் ஆனால் ஏதோ ஒரு செல் வரிசை நலிந்திருக்கலாம். எந்த வரிசை என்று அளந்து சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடலாம். அளக்காமல் செல்லை மாற்றலாம் என்கிறவரிடம் வேண்டாம். ஃபியூஸ் போனால் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும் இதே ரகம்.

மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்ட வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை என்று வாங்கி, பிறகு வேகத் தடையை நீக்கிக்கொள்பவர்களும் உண்டு. நீக்கிய கணமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் காப்பீடு இல்லை, வழக்கு மட்டும் இருக்கும்.

ஓய்ந்துபோன பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே சுத்தியலால் உடைப்பார்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்துக்கு அது போதும். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும்போதே பழையதைத் திரும்ப எடுப்பீர்களா, எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.