வெளிநாட்டில் எம்பிபிஎஸ்: கட்டணத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

நீட் முடிவு வந்துவிட்டால் எங்கள் கிளினிக்கில் நோயாளிகளோடு பெற்றோர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோர ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் வருகிறார்கள். நான் ரஷ்யாவில் படித்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், அதனால் வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள்.

அனுப்பலாம். நான் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் எங்கள் பேட்ச் பிள்ளைகள் தட்டுத் தடுமாறிய அதே இடங்களில் இவர்களும் விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாஸ்போர்ட்டை முன்னாலேயே எடுங்கள், குளிருக்குத் துணி வாங்குங்கள் என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இங்கே என்ன கிடைக்கும் என்று பார்க்காமலே பணம் கட்டுவது

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ராமநாதபுரத்திலேயே 100 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி 2022 தொடக்கத்தில் திறந்தாகிவிட்டது. மாநிலத் தரவரிசைப் பட்டியல் வருவதற்குள் ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் வரவே இல்லாத நாட்கள் அவை. நீட் தேர்வும் அந்த மே மாதத்தில்தான். "இப்பவே கட்டினா தள்ளுபடி, அப்புறம் சீட் இருக்காது" என்று அப்போது போன் வரும். வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். ரஷ்யாவில் வகுப்பு தொடங்குவதோ செப்டம்பரில்.

ரொக்கமாகக் கொடுப்பது

வேண்டவே வேண்டாம். வங்கி வழியாக, பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள்.

நடுவில் பல்கலைக்கழகத்தை மாற்றுவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைச் செய்துவிட்டு வந்து நிற்கிறார்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிமுறைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் அவை பொருந்தும். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப். பயிற்று மொழி ஆங்கிலம். அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறத் தகுதி தரும் பட்டமாக இருக்க வேண்டும். இதோடு இன்னொன்று: படிப்பு, பயிற்சி, இன்டர்ன்ஷிப் எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை ஒரே நிறுவனத்தில் நடந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைத்தான் ஏஜென்ட் வாயே திறந்து சொல்ல மாட்டார். "முதல்ல இங்க சேருங்க, செட் ஆகலைன்னா மாத்திக்கலாம்" என்பார். மாற்றிவிட்டால் அவருக்கு இன்னொரு கமிஷன். நம் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தைத் தேடிப் போனவர்கள். அங்கே போன பிறகும் அந்தத் தேடல் நிற்பதில்லை. பக்கத்து நகரத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குறைவு என்று நண்பன் சொன்னால் போதும்.

உச்சிப்புளிப் பக்கத்துப் பையன் ஒருவன் 2022 கடைசியில் போய்ச் சேர்ந்தான். அப்பா சவூதியில் கடை வேலை. இரண்டு ஆண்டு முடிந்ததும், கட்டணம் குறைவு என்று இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறினான். அப்பாவின் சுமையைக் குறைக்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறான். ஒரு சீனியர் சொல்லி விஷயம் தெரிந்து, 2025 கடைசியில் அம்மாவோடு வந்தான். "டாக்டர் தம்பி, ரெண்டு வருசப் படிப்பு செல்லாதுங்கிறாங்களே, நெசமா?" என்று அந்த அம்மா கேட்டபோது, நெசம்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பழைய இடத்தில் பெயரை நீக்கிவிட்டார்கள். புது இடத்தில் முதலாண்டிலிருந்து தொடங்கலாம் என்றால், வெளிநாட்டுப் படிப்புக்கு நீட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அது காலாவதி ஆகியிருந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்து மறுபடி நீட்டுக்குப் படிக்கிறான்.

உக்ரைனில் படித்தவர்களை மாற அனுமதித்தார்களே என்று சிலர் கேட்பார்கள். அது போர் காரணமாக 2022 செப்டம்பரில் அவர்களுக்கு மட்டும் கொடுத்த விலக்கு. அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டி வேறு நாட்டுப் பிள்ளைகளை மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. நம்பாதீர்கள். ஆறு ஆண்டுக்கும் கட்டக்கூடிய இடம் எதுவோ அங்கே முதல் நாளே சேருங்கள். கையில் உள்ள பணத்துக்கு இரண்டு ஆண்டுதான் தாங்கும் என்றால், அங்கே போகவே போகாதீர்கள்.

முதலாண்டுக் கட்டணத்தை ஆறால் பெருக்குவது

ஹாஸ்டல், சாப்பாடு, விசா புதுப்பிப்பு, காப்பீடு, விமானம் எல்லாம் அதில் வராது. டாலர் ஏறினால் எல்லாமே ஏறும்.

அந்த ஊர் மொழியை ஒதுக்குவது

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. வலி எங்கே, எப்போதிலிருந்து என்று அவர் மொழியில் கேட்கத் தெரியாதவர்கள் மூன்றாம் ஆண்டிலிருந்து பின்வரிசையில்தான் நிற்பார்கள். முதலாண்டிலேயே மொழிப் பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள். ஆனால் பாதிப் படிப்பு ஆங்கிலம், மீதி உள்ளூர் மொழி என்று நடத்தும் இருமொழிப் பாடத்திட்டத்தில் சேராதீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

எஃப்எம்ஜிஇ-யைக் கடைசிக்குத் தள்ளுவது

வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தேர்வு இது. 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. ஊருக்கு வந்து கோச்சிங் போய்க்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அனாட்டமியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தந்த ஆண்டுப் பாடத்தை இந்தியப் பாடநூல்களோடும் சேர்த்தே படித்துவிடுங்கள். இங்கே வந்து செய்ய வேண்டிய 12 மாத இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து, சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.