பிட்புல் குட்டி வாங்கேக்க எங்கட ஆக்கள் விடுற பிழையள்

யாழ்ப்பாணத்தில பிட்புல் குட்டி எண்டு தேடினா வட்ஸ்அப்பிலயும் பேஸ்புக்கிலயும் கனக்க வரும், எல்லாத்திலயும் அனேகமா ஒரே கதைதான், நல்ல பிளட்லைன், தகப்பன் இம்போர்ட், கெதியா அட்வான்ஸ் போடுங்கோ. ஆக்களும் அந்தப் பெரிய பேரைக் கேட்ட உடன காசைக் கட்டிப்போடுவினம், தாய் நாய் எங்க நிக்குது, அது எப்பிடி இருக்கு எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு. மற்றப் பிழையள் எல்லாம் இந்த ஒண்டில இருந்துதான் வருது.

பிளட்லைன் எண்டா ஒரு பிரீடர், அதாவது நாயளை இணை சேத்து குட்டி எடுக்கிற ஆள், கன தலைமுறையா தான் தெரிஞ்செடுத்த நாயளை மட்டும் இணை சேத்து ஒரு தன்மையை நிலையாக்கி வச்சிருக்கிறது. அமெரிக்காவில ஜோன் கோல்பி 1889ல தொடங்கின வரிசையை இண்டைக்கும் கோல்பி லைன் எண்டுதான் சொல்லுவினம். ஆனா அந்தப் பேர் உங்கட குட்டியில எவ்வளவு இருக்கு எண்டு கணக்குப் பாக்கோணும். தாய் தகப்பன் ஆளுக்குப் பாதி, அவையின்ர தாய் தகப்பன் ஆளுக்கு 25 வீதம், அதுக்கு மேல 12.5, பிறகு 6.25, ஐஞ்சாந் தலைமுறையில நிக்கிற சம்பியன் நாயின்ர பங்கு கிட்டத்தட்ட 3 வீதம்தான். அந்த 3 வீதத்துக்காக விலையை ரெண்டு மடங்காக்கி விப்பினம், பாதியைக் குடுத்த தாய் நாய் பின்னுக்கு கூட்டுக்குள்ள எலும்பும் தோலுமா நிக்கும்.

பெடிகிறி பேப்பர், அதாவது நாயின்ர வம்சப் பத்திரம், தந்தா படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட முதல் இருந்து வாசியுங்கோ. முதல்ல தாயின்ர பிறந்த திகதியையும் குட்டி பிறந்த திகதியையும் பாருங்கோ, ஒரு வயசு கூட ஆகாத நாய்க்கு குட்டி எடுத்திருந்தா அந்த இடத்தில வாங்காதேங்கோ, தாய்க்கு ரெண்டு வயசாவது ஆகியிருக்கோணும். பிறகு ரெண்டு பக்கமும் ஒரே பேர் வருதோ எண்டு பாருங்கோ. தகப்பன்ர தகப்பனும் தாயின்ர தகப்பனும் ஒரே நாய் எண்டா தாயும் தகப்பனும் அரைச் சகோதரங்கள், குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை, அதாவது சொந்தத்துக்குள்ள இணை சேந்த அளவு, 12.5 வீதம். விசயம் தெரிஞ்ச பிரீடர் ஒரு காரணத்தோட அப்பிடிச் செய்வார், கேட்டா விளக்கமும் சொல்லுவார். கேட்ட உடன கோவிக்கிற ஆளிட்ட வாங்க வேண்டாம்.

ஆர் குடுத்த பேப்பர் எண்டதும் முக்கியம். பிட்புல்லைப் பதியிற பழைய அமெரிக்க அமைப்பு ரெண்டு, 1898ல தொடங்கின யூகேசி (UKC), 1909ல வந்த ஏடிபிஏ (ADBA). ஏகேசி (AKC) எண்ட இன்னொரு அமெரிக்க அமைப்பு 1936ல இதே நாயளில ஒரு பகுதியை ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர் எண்டு எடுத்தது, அதுதான் இப்பத்த அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், சுருக்கமா அம்ஸ்டாஃப். எஃப்சிஐ (FCI) எண்ட சர்வதேச நாய் அமைப்பு இந்த ரெண்டில அம்ஸ்டாஃபை மட்டும்தான் ஏத்திருக்கு, பிட்புல் எண்டு ஒரு இனமே அவையின்ர பட்டியலில இல்லை. அப்ப எஃப்சிஐ பேப்பரோட பிட்புல் எண்டு ஒருத்தர் வந்தா ஒண்டில் அது அம்ஸ்டாஃப், இல்லாட்டி பேப்பர் பொய். இம்போர்ட் எண்டு சொன்னா கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் குடுத்த அனுமதிக் கடிதத்தின்ர கொப்பியைக் கேளுங்கோ, அது இல்லாம சட்டப்படி ஒரு நாயும் நாட்டுக்குள்ள வரேலாது.

பெரிய தலை, அகல நெஞ்சு, கட்டைக் கால் வேணும் எண்டு தேடுற ஆக்கள் உண்மையில தேடுறது அமெரிக்கன் புல்லி. ரேசர்ஸ் எட்ஜ், கோட்டி எண்டுற பிளட்லைன் பேரெல்லாம் அந்தப் பக்கத்தது. 2013ல யூகேசியே அதைத் தனி இனமா எடுத்திட்டுது. யூகேசி கணக்கில வளந்த ஆண் பிட்புல் 16 இலிருந்து 27 கிலோதான், 50 கிலோ பிட்புல் எண்டு ஒருத்தர் விளம்பரம் போட்டா அது வேற ஏதோ. ரெட் நோஸ், புளூ எண்டு நிறத்துக்கு மேலதிகமா காசு கேப்பினம், அதையும் குடுக்காதேங்கோ. புளூ எண்டுற சாம்பல் நிறம் ஒரு ஒடுங்கு ஜீனால, அதாவது தாயும் தகப்பனும் ரெண்டு பேரும் குடுத்தாத்தான் வெளியில தெரியிற ஜீனால, வாறது, அந்த நிற நாயளில சிலதுக்கு வளர வளர மயிர் கொட்டி தோல் வருத்தம் வரும். மேர்ள் எண்ட புள்ளி நிறம் பிட்புல்லில இல்லவே இல்லை, ரெண்டு மேர்ளைச் சேத்தா குட்டி செவிடாயோ குருடாயோ பிறக்கலாம்.

இப்ப குட்டியைப் பாப்பம். போகேக்க சாப்பாட்டு நேரமாப் போங்கோ, எல்லாக் குட்டியும் கோப்பைக்கு ஓடி வரேக்க எது பின்னுக்கு நிக்குது எண்டு தெரியும். தூக்கி மேல் உதட்டை விரலால உயத்திப் பாருங்கோ, முரசு றோஸ் நிறமா இருக்கோணும், வெளிறி வெள்ளையா இருந்தா புழுவோ உண்ணிக் காய்ச்சலோ எண்டு யோசிக்கோணும். காதுக்குள்ளயும் கால் விரலிடுக்கிலயும் உண்ணி இருக்கோ எண்டு விரிச்சுப் பாருங்கோ, எங்கட பக்கம் உண்ணி மோசம் எண்டு எல்லாருக்கும் தெரியும். வயிறு ஊதி கால் மெலிஞ்சிருந்தா புழு. தொப்புளில மெத்தெண்ட கட்டி இருக்கோ எண்டு தடவிப் பாருங்கோ, அது குடலிறக்கமா இருக்கலாம். கண்ணைச் சுத்தி, வாயோரத்தில மயிர் இல்லாம வட்டமா இருந்தா டெமோடெக்ஸ் சொறியா இருக்கலாம், இந்த இனத்தில அது அடிக்கடி வாறது. முதுகுப் பக்கமா நிண்டு ஒருக்கா கை தட்டுங்கோ, திரும்பிப் பாக்கோணும். பிறகு தாயோட கொஞ்ச நேரம் நில்லுங்கோ, அது உங்களைக் கண்டு பயந்து ஒளிச்சாலோ கடிக்க வந்தாலோ குட்டி எவ்வளவு வடிவா இருந்தாலும் விட்டிட்டு வாங்கோ.

கண்ணால பாத்துத் தெரியாததும் இருக்கு. அம்ஸ்டாஃப் வரிசையில வாற ஒரு மூளை வருத்தம் அனேகமா மூண்டில இருந்து ஐஞ்சு வயசுக்குள்ளதான் தெரியவரும், நாய் நடக்கேக்க தள்ளாடும், படியில விழும், சுகமாக்க ஏலாது. தாய் தகப்பனுக்கு டிஎன்ஏ ரெஸ்ட் செய்தா அதை முதலே தவிர்க்கலாம். பபேசியா எண்ட இரத்தக் கிருமி உண்ணியால மட்டும் இல்லை, நாய்ச் சண்டைக் கடியாலயும் தொத்தும், தாயில இருந்து குட்டிக்கும் போகும். எங்கட நாய் ஃபைற் லைன் எண்டு ஒருத்தர் பெருமை அடிச்சா எனக்கு முதல் ஞாபகம் வாறது அதுதான், அதைவிட சண்டைக்கு விடுறது கொடுமை, அப்பிடியான ஆளுக்கு ஒரு சதமும் போகக்கூடாது.

வளவுக் காவலுக்கு எண்டு பிட்புல் வாங்கிறதும் பெரிய பிழை. இந்த இனம் மனிசரோட, தெரியாத ஆளோட கூட நல்லாச் சேரும், அதால காவலுக்குப் பொருத்தமில்லை எண்டு யூகேசியே எழுதி வச்சிருக்கு. மற்ற நாயளோட கொழுவுற குணம்தான் இதுக்கு இருக்கு, பக்கத்து வீட்டு ஆடு கோழியையும் சும்மா விடும் எண்டு நம்பேலாது. தகர வேலியும் கிடுகு வேலியும் காணாது, மதிலும் பூட்டுற கேற்றும் இல்லாட்டி முதல்ல அதைக் கட்டுங்கோ.

கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிறம் எண்டு சொன்னா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எட்டுக் கிழமைக்கு முதல் குட்டியைத் தாயிட்ட இருந்து பிரிக்கவே கூடாது. ஊசி போட்ட அட்டையில ஊசி மருந்துப் போத்தலின்ர ஸ்டிக்கரும் மிருக வைத்தியரின்ர ஒப்பமும் சீலும் இருக்கோணும், பேனையால திகதி மட்டும் எழுதியிருந்தா ஊசி போடேல்ல எண்டே நினையுங்கோ. பார்வோ எண்ட வைரஸ் வருத்தம் தொத்தி மூண்டில இருந்து ஏழு நாளுக்குப் பிறகுதான் சத்தியும் இரத்தத்தோட வயித்தோட்டமும் வரும், அதால வந்த அண்டு துள்ளி விளையாடுற குட்டி ஐஞ்சாம் நாள் படுத்திடும். அந்தக் கிருமி மண்ணில மாசக் கணக்கில கிடக்கும், உங்கட வளவில கிட்டடியில பார்வோவால ஒரு நாய் செத்திருந்தா ஊசி எல்லாம் முடிஞ்ச குட்டியாப் பாத்து எடுங்கோ. 16 கிழமை வரைக்கும் மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா ஊசி போகோணும், அதுவரைக்கும் தெருவில இறக்காதேங்கோ, ஆனா கையில தூக்கிக்கொண்டு சந்தைச் சத்தம், மோட்டச்சைக்கிள், சின்னப் பிள்ளையள் எல்லாத்தையும் காட்டுங்கோ. விசர் நாய்த் தடுப்பூசியும் போட்டு, உள்ளூராட்சிச் சபையில நாயைப் பதிஞ்சும் விடுங்கோ.