வீட்லயே கிட் விமானம் கட்றீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கிட் விமானம்னா கம்பெனி அனுப்பற பாகங்கள வச்சு நாமளே கட்ற சின்ன விமானம். இதுல நிறைய பேர் பண்ற முதல் தப்பு, கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இன்ஜினையும் காக்பிட் ஸ்கிரீனையும் வாங்கி வச்சிடறது. அலுமினியத்துல ரிவெட் (தகடுகள சேத்து பிடிக்கிற சின்ன உலோக ஆணி) அடிச்சு கட்ற ரெண்டு சீட் விமானத்துக்கு சாதாரணமா 1500 மணி நேரத்துக்கு மேலயே ஆகும், வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரியும் லீவு நாளும் பண்றவங்களுக்கு அது சில வருஷம். அதுக்குள்ள ஸ்கிரீன் வாரன்டி முடிஞ்சு புது மாடலே வந்துடும், ஓடாம கிடக்கிற இன்ஜின் உள்ளுக்குள்ள துரு பிடிக்க ஆரம்பிச்சிடும். முதல்ல வால் பகுதி கிட்டை மட்டும் வாங்குங்க. டிரில், ரிவெட், ஷீட் மெட்டல் வேலை எல்லாம் அதுலயே கைக்கு வந்துடும், இது நமக்கு ஒத்து வருமான்னும் தெரிஞ்சிடும்.

ரிவெட் விஷயத்துல தான் ஆளுங்க ரொம்ப பயப்படறாங்க. 1/8 இன்ச் ரிவெட் அடிச்சு முடிச்சா பின்பக்கம் நசுங்கின தலை சுமாரா 3/16 இன்ச் அகலம், 1/16 இன்ச் உயரம் இருக்கணும், கேஜ் வச்சு பாத்துடலாம். கொஞ்சமே கொஞ்சம் சாய்ஞ்சிருந்தா உடனே டிரில் பண்ணி எடுக்க போறாங்க பாருங்க, அங்க தான் கெடுது. எடுக்கறப்போ ஓட்டை முட்டை மாதிரி நீண்டுட்டா, முதல்ல இருந்த சுமார் ரிவெட்ட விட அது மோசம். கிட் கம்பெனி சொல்ற அளவுக்குள்ள இருந்தா விட்டுடுங்க. அதுக்கு பதிலா ஓட்டை ஓரத்துல நிக்கிற பிசிறை எடுக்கறதுல கவனம் வைங்க, விரிசல் பெரும்பாலும் அந்த மாதிரி இடத்துல தான் ஆரம்பிக்கும்.

போல்ட்ட கை உணர்வுல டைட் பண்றது இன்னொண்ணு. விமானத்துக்குன்னு வர்ற 3/16 இன்ச் ஏஎன்3 போல்ட்டுக்கு வழக்கமான டார்க் (torque, அதாவது முறுக்கற விசை) 20லேர்ந்து 25 இன்ச்-பவுண்ட் தான், அது கைக்கு ரொம்ப கம்மியா தெரியும். நைலான் லாக் நட் சும்மா சுத்தறதுக்கே கொஞ்சம் விசை எடுக்கும், அத தனியா அளந்து இதோட கூட்டிக்கணும். முடிச்ச உடனே நட்டு மேல டார்க் சீல்ங்கற அடையாள பெயின்ட்டால ஒரு கோடு போட்டுடுங்க, ஏன்னா பாதில போன் வந்து எழுந்து போனா எது முடிச்சோம் எது முடிக்கலன்னு மறுநாள் சத்தியமா ஞாபகம் இருக்காது.

என்னை கேட்டா மத்த எல்லாத்தையும் விட எரிபொருள் சிஸ்டத்துக்கு தான் அதிக நேரம் கொடுக்கணும். பைப்ப இணைக்கிற பிட்டிங்ல டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, ஒரு துணுக்கு பிஞ்சு உள்ள போனாலே பெட்ரோல் வழிய அடைச்சிடும், எரிபொருளுக்குன்னு இருக்கிற சீலன்ட் போடுங்க. டேங்க் லீக் பாக்க கம்ப்ரஸர நேரா மாட்டினா தகடே உப்பி கெட்டுப்போகும். சுமாரா 1 பிஎஸ்ஐ அழுத்தத்துல காத்து போதும், வென்ட்ல (டேங்க்ல காத்து போக வர இருக்கிற வழி) ஒரு பலூன் மாட்டி சோப்பு தண்ணி தடவினா எங்க ஒழுகுதுன்னு குமிழியே காட்டிடும். அப்புறம் விமானத்தோட மூக்க ஏறும்போது இருக்கிற கோணத்துக்கு தூக்கி வச்சு பெட்ரோல் எவ்ளோ வருதுன்னு அளந்தே ஆகணும். டேக்ஆஃப்ல இன்ஜின் குடிக்கிற அளவுல, பெட்ரோல் மேலேர்ந்து தானா இறங்கற சிஸ்டம்னா 150 சதவீதம், பம்ப் வச்சு தள்றதுன்னா 125 சதவீதம் வரணும். தரையில சமமா நிக்கிறப்போ நல்லா ஓடின இன்ஜின், ஏறும்போது பெட்ரோல் பத்தாம நின்னா இறங்க இடம் தேட நேரமே இருக்காது.

எடை கூடிட்டே போறதும் ஒரு தப்பு தான், சேக்கற ஒவ்வொண்ணும் தனித்தனியா சின்னதா தெரியும். கணக்கு போட்டு விட்டுடாம, பெயின்ட் எல்லாம் முடிஞ்சப்புறம் தராசுல ஏத்தி சென்டர் ஆஃப் கிராவிட்டி (மொத்த எடையும் சமமாகற இடம்) எங்க இருக்குன்னு பாருங்க.

எந்த பேனலையும் மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஏற்கனவே விமானம் கட்டின ஒருத்தர கூப்பிட்டு காட்டுங்க. அமெரிக்கால பாதிக்கு மேல வேலைய அமெச்சூரா நாமளே பண்ணோம்னு காட்டணும், அதுக்கும் இந்த போட்டோவும் வேலைய எழுதி வச்ச லாக் புக்கும் தான் ஆதாரம். கன்ட்ரோல் கம்பிய கழட்டி மாட்டினா ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்க வலது பக்கம் தள்ளி, வலது எய்லெரான் (இறக்கையோட பின் ஓரத்துல அசையற பலகை) மேல போகுதான்னு கண்ணால பாருங்க. கட்ற வருஷங்கள்ல பறக்கறதே விட்டுப்போயிருந்தா, முதல் தடவை ஏறுறதுக்கு முன்னாடி அதே மாதிரி விமானத்துல ஒரு இன்ஸ்ட்ரக்டரோட பறந்துட்டு வாங்க, பக்கத்து சீட்ல பயணியா யாரையும் ஏத்தாதீங்க.